பதினேழாம் எண் படத்தில் ஆக்கிரமிப்பு

ஆவரம்பேட்டை நகராட்சியின் வைர விழாவுக்கு இன்னும் இருபத்தெட்டு நாள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, பதிவறை எழுத்தர் அற்புதமணி கண்காட்சிக் கூடத்தைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, வழக்கம்போல் படங்களின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தவள், பதினேழாம் எண் படத்தின் முன்னால் நின்று தலைகளை எண்ணினாள். பதினொன்று இருக்கவேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தன. துணியை மடித்து வைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். பன்னிரண்டுதான்.

அந்தப் படம் 1964-ல் கடைத்தெரு முக்கில் ஊரின் முதல் குடிநீர்க் குழாயைத் திறந்தபோது எடுத்தது. நடுவில் கழுத்துக் கொள்ளாத மாலையோடு முதல் நகர்மன்றத் தலைவர் மகாலிங்கனார்; அவருக்கு இருபுறமும் ஐந்தைந்து பேராக மேலவீதிப் பெரியவர்கள், அங்கவஸ்திரங்கள் ஒரே அளவில் மடிந்து தொங்க, தண்ணீரைத் தாங்களே கண்டுபிடித்த முகங்களோடு நின்றார்கள். குழாய் வலது ஓரத்தில் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. இப்போது இடது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, இடுப்பில் மண்குடத்தோடு ஒரு பெண்ணின் பாதி உடம்பு தெரிந்தது.

அற்புதமணி மேலாளர் கஜபதியிடம் போய்ச் சொன்னாள். அவர் சட்டங்களையும் விதிகளையும் மட்டுமே நம்புகிற மனிதர். மழை பெய்தால்கூட எந்த அரசாணைப்படி என்று கேட்பார்.

"பதிவேட்டுல எத்தனை பேர்னு இருக்கு?"

"பதினொன்னு சார்."

"அப்ப ஒண்ணு கூடியிருக்கு. சிவப்பு மையில திருத்தி, பக்கத்துல சுருக்கொப்பம் போட்டுக் கொண்டாங்க. குறைஞ்சாத்தான் தணிக்கையில கேப்பான். கூடுனதுக்கு எவன் கேக்கப் போறான்?"

படங்கள் நகராட்சிக்கு வந்து சேர்ந்த கதை பெரிய கதையில்லை. சந்திரா ஸ்டூடியோ ஞானாதிக்கம் என்பவர் இருபத்தைந்து வருஷம் அந்த ஊரின் அன்றாடத்தைப் படமெடுத்தார். சந்தை நாள், டூரிங் டாக்கீஸ் வரிசை, வேப்பமரத்தடிச் சவரம், காப்பி கிளப்பு பெஞ்சு, ஊருக்குள் முதல் பஸ் வந்து நின்ற அன்றைக்கு அதற்குச் சூடம் காட்டிய கூட்டம் என்று இருநூற்றாறு படங்களை மூன்று டிரங்குப் பெட்டிகளில் அடுக்கிவைத்துவிட்டுச் செத்துப்போனார். கோயமுத்தூரில் இருந்த அவர் மகள் பெட்டிகளை நகராட்சிக்கு அனுப்பிவைத்தாள். நகராட்சி அவற்றைக் கொசுமருந்துக் கிடங்கில் போட்டு ஒன்பது வருஷம் பாதுகாத்தது. வைர விழாவுக்கு எதையாவது செய்தாக வேண்டுமே என்ற கவலையில் இன்றைய தலைவர் சிவக்கொழுந்து ஒருநாள் ஒரு பெட்டியைத் திறக்க, முதல் படத்திலேயே தன் தாத்தா மகாலிங்கனாரைக் கண்டு, "ஊரோட வரலாறே இதுலதான்யா இருக்கு!" என்று கூவினார். தாத்தா இருபத்துமூன்று படங்களில் இருந்தார். அப்படித்தான் 'அன்றைய ஆவரம்பேட்டை' கண்காட்சி உண்டாயிற்று.

ஞானாதிக்கம் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதற்கு முன்னால், "கொஞ்சம் ஒதுங்குங்க" என்று பொதுவாக ஒரு குரல் கொடுப்பார். யார் ஒதுங்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே, ஒதுங்க வேண்டியவர்கள் ஒதுங்கினார்கள். அவ்வளவு ஒழுக்கமான ஊர்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் முழுசாக உள்ளே வந்திருந்தாள். சனிக்கிழமை அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். திங்கட்கிழமை கூடத்தைத் திறந்தபோது ஒன்பது பேர், குடமும் தவலையும் தகர டின்னுமாக, மேலவீதிப் பெரியவர்களின் தோளை உரசிக்கொண்டு நின்றார்கள். மற்ற படங்களும் சும்மா இருக்கவில்லை. காப்பி கிளப்பு படத்தில், வாசலுக்கு வெளியே சிரட்டையோடு காத்திருந்திருக்க வேண்டிய நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடித் தம்ளரில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ் படத்தில் ஒரு பெரியவர் துண்டைத் தோளில் போட்டபடி முன்சீட்டு ஜன்னலோரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார். வேப்பமரத்தடியில் சவரக்காரர் இதுவரை தொட்டிராத ஒரு தாடைக்குச் சோப்பு நுரை போட்டுக்கொண்டிருந்தார்.

படத்துக்குள் ஆட்கள் நடமாடுவது குறித்து ஆவரம்பேட்டையில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நடமாடுகிறவர்கள் யார் என்பதில்தான் ஊருக்குச் சங்கடம்.

சங்கதி முதலில், ஒதுங்கினவர்களின் தெருவான ஓடைத்தெருவுக்குப் போயிற்று. மறுநாளே ஓடைத்தெரு சனம் தலைசீவி, பவுடர் பூசி, இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தது. நாம் பார்க்கப் போகிறவர்களும் நம்மைப் பார்ப்பார்கள் அல்லவா! ஒருவன் பிறந்து பதினாறு நாளான பிள்ளையைத் தூக்கிவந்து பஸ் படத்துக்கு நேராகப் பிடித்து, "ஒங்க பேருதான்யா வச்சிருக்கோம்" என்றான். ஒருத்தி, சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டு ஓடிப்போன புருஷனை நாற்பதாம் எண் படத்தில் கண்டுபிடித்து, ஒருமணி நேரம் நின்று திட்டினாள். மறுநாள் பார்த்தால் அந்த ஆள் படத்துக்குள் தலையைக் குனிந்திருந்தான்.

நகராட்சியில் முப்பது வருஷம் கூட்டிப் பெருக்கி ஓய்வுபெற்ற முத்துப்பேச்சி பதினேழாம் படத்தின் முன்னால் வந்து, மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி அற்புதம், இது ஒங்கம்மல்லா?"

அற்புதமணி கையிலிருந்த துணியை மடித்தாள்.

"கொடத்தப் பாரு. ஊர்ல எல்லாவளும் எடது இடுப்புல வைப்பா. பீச்சாங்கைக்காரி, சீனி ஒருத்திதான் சோத்தாங்கைப் பக்கம் வைப்பா. கல்யாணமாகி வந்த புதுசு. நானும் அங்கனதான் நின்னேன். ஒதுங்குன்னான், ஒதுங்கிட்டோம். நான் இன்னும் வரல போல."

"நீங்க உயிரோட இருக்கீங்களே அத்தை."

"அதான பாத்தேன்," என்று முத்துப்பேச்சி சமாதானமானாள்.

அற்புதமணிக்கு வியாழக்கிழமையே தெரியும். அவள் அம்மா சீனியம்மாள் நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து, 1988-ல் காய்ச்சலில் போனவள். அந்த வேலைக்குப் பதிலாகத்தான் பதினெட்டு வயசு அற்புதமணிக்குக் கருணை அடிப்படையில் இந்த வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில் இறந்தவரின் புகைப்படம் ஒட்ட வேண்டும் என்றார்கள். புகைப்படம் எதுவும் எடுத்ததில்லை என்றாள். அப்படியானால் எடுத்ததில்லை என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஆறு மாதம் அலைந்து வாங்கினாள். 'மேற்படியாருக்குப் புகைப்படம் ஏதுமில்லை எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று கோபுர முத்திரையோடு இருந்த அந்தத் தாள்தான் அம்மாவைப் பற்றி அவளிடமிருந்த ஒரே ஆவணம். இப்போது அம்மா அங்கே நின்றாள், பதினெட்டு வயசு, மகளைவிட முப்பத்தாறு வயசு இளையவள், கழுத்தில் மஞ்சள் கயிறு, யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிற ஒரு முகவாய். அந்தத் திமிரான முகவாயை அற்புதமணி பார்த்ததே இல்லை. தான் பிறந்து வளர்ந்த பிறகு பார்த்த அம்மாவிடம் அது இல்லை.

இரண்டாம் வாரம் மேலவீதி மனு கொடுத்தது. நாற்பத்திரண்டு கையெழுத்து. 'எங்கள் முன்னோர் தலைமுறை தலைமுறையாக நின்றுவரும் புகைப்படத்தில் அன்னியர் அத்துமீறி நுழைந்து, நிற்க இடமின்றிச் செய்து, ஆக்கிரமித்துள்ளதால்' என்று தொடங்கியது. எழுதிக் கொடுத்த வக்கீல் நல்லபெருமாள் தலைவர் அறையில் எல்லோருக்கும் எச்சரிக்கை செய்தார்: "உடனே காலி பண்ண வைக்கணும். பன்னிரண்டு வருஷம் அனுபவத்துல இருந்துட்டாங்கன்னா படத்துல பாத்தியம் வந்துரும்."

சிவக்கொழுந்து அற்புதமணியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, உன்னை நம்பிப் படத்தைப் பாத்துக்கச் சொன்னா, யார் யாரையெல்லாம் உள்ள விட்டிருக்க?"

"நான் விடலை சார். கூடத்தோட சாவிதான் எங்கிட்ட இருக்கு. படத்தோட சாவி இல்ல."

"வாய் பேசாத. நோட்டீஸ் தயார் பண்ணு."

கஜபதி சட்டப்பிரிவுகளை ஆசையாகச் சொல்லச்சொல்ல, அற்புதமணி தட்டச்சு செய்தாள்: ஏழு நாளைக்குள் மேற்படி இடத்தை விட்டு வெளியேற வேண்டும், தவறினால் நகராட்சியே அப்புறப்படுத்தும். சுகாதார ஆய்வாளர் வந்து பசை தடவி நோட்டீசைக் கண்ணாடியின் மேல் ஒட்டினார். மறுநாள் காலையில் கண்ணாடி சுத்தமாக இருந்தது. உள்ளே, இரண்டாவது வரிசையில் குந்தியிருந்த ஒரு கிழவி, அவித்த கடலையைக் கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். காகிதத்தின் வெளிப்பக்கம் நகராட்சி முத்திரை பளிச்சென்று தெரிந்தது. கஜபதி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நோட்டீஸ் சார்பு செய்யப்பட்டதுன்னு கோப்புல எழுதிக்குங்க, பெற்றுக்கொண்டதுக்கு ஆதாரம் இருக்கு" என்றார்.

படத்தைக் கொளுத்திவிடலாம் என்று மேலவீதி இளவட்டங்கள் சொன்னார்கள். அதில் தாத்தாவும் சேர்ந்து எரிவாரே என்று சிவக்கொழுந்து தடுத்தார். பிறகு, இம்மாதிரி ஊர்களில் எல்லா அநியாயங்களுக்கும் கடைசியில் வந்து சேருகிற அமைதிப் பேச்சுவார்த்தைக் கூட்டம் வந்து சேர்ந்தது. தாசில்தார் வசந்தமாலை நடுவில் உட்கார்ந்தார். இரு தரப்புக்கும் ஒரே பேக்கரியிலிருந்து பிஸ்கட் வந்தது. அதுவே பெரிய முன்னேற்றம் என்று கூட்டக் குறிப்பில் ஏறியது.

"யாரும் யாரையும் வெளியேத்த வேண்டாம்," என்றார் தாசில்தார் மலர்ந்த முகத்தோடு. "ஓடைத்தெருக்காரங்களுக்கும் ஒரு படம் குடுத்துருவோம். தனியா, மரியாதையா, இதே அளவு சட்டம், இதே கண்ணாடி. எல்லாரும் அங்க போய் நின்னுக்கலாம்."

"அந்தப் படத்துல கொழாய் இருக்கா?" என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

"இல்ல ஆச்சி, இப்போதைக்கு வெறும் வெள்ளைத் தாள்தான். ஆனா நல்ல தாள்."

"கொழாய் இல்லாத எடத்துக்குக் கொடத்தத் தூக்கிட்டுப் போயி என்னம்மா செய்ய?"

தாசில்தார் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை. மறுநாளே புதுச் சட்டம் வந்தது. சுவரில் வேறு இடம் இல்லாததால் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டினார்கள். 'தனிப் படம்' என்று கீழே பித்தளைத் தகடு அடித்து, பதினேழாம் படத்தில் இருந்தவர்கள் இடம்பெயர்வதற்காக ஊர் காத்திருந்தது.

இடம்பெயர்ந்தார்கள். ஆனால் போனது மேலவீதிப் பெரியவர்கள். முதலில் இடது ஓரத்தில், சீனியம்மாளின் குடம் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தவர், அங்கவஸ்திரத்தை இறுக்கிப் போர்த்துக்கொண்டு காணாமற்போனார். பார்த்தால் கழிப்பறை வழியில், வெள்ளைத் தாளின் நடுவே, விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மறுநாள் மூன்று பேர், அதற்கு மறுநாள் நாலு பேர். ஒருவர் பன்னீர்ச் செம்பையும், இன்னொருவர் சந்தனக் கிண்ணத்தையும் மறக்காமல் எடுத்துப்போனார்கள். ஐந்தாம் நாள் கடைசியாக மகாலிங்கனாரும் மாலையோடு போய்ச் சேர்ந்து, அங்கேயும் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டார். பின்னால் தெரு இல்லை, கடை இல்லை, வானம் இல்லை. காலுக்குக் கீழே தரையும் இல்லாததால் பதினொருவரும் நிற்கிறார்களா தொங்குகிறார்களா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் முகங்களில் ஒரு நிம்மதி இருந்தது. யாரும் யாரையும் இடிக்கவில்லை.

மேலவீதி அதை விழாவாக எடுத்தது. தனிப் படத்தைக் கழிப்பறை வழியிலிருந்து கழற்றி, நாகஸ்வரத்தோடு கூடத்தின் கோடியிலிருந்த மேடைக்குக் கொண்டுபோய், சலவைக்கல் பதித்த பீடத்தில் வைத்தார்கள். "எல்லாத்தையும் துறந்து வெறும் வெள்ளையில நிக்காங்க பாருங்க, ரிஷிகள் மாதிரி," என்று வக்கீல் நல்லபெருமாள் ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். உள்ளூர்ப் பத்திரிகை 'தனித்து நிற்கும் தலைவர்கள்' என்று அரைப்பக்கம் எழுதியது. ஓடைத்தெருவுக்கென்று செய்த சட்டத்தில்தான் இந்தத் துறவு நடக்கிறது என்பதை நினைவூட்ட யாருக்கும் தோன்றவில்லை. பித்தளைத் தகட்டை மட்டும் பளபளப்பாகத் தேய்த்தார்கள்.

அன்று சாயங்காலமே சிவக்கொழுந்து கஜபதியிடம் சொன்னார்: "இப்ப அந்தப் பதினேழுல நம்மாளு யாரும் இல்லல்லா? கொளுத்திருங்க."

கஜபதி கோப்பைக் கொண்டுவந்து அற்புதமணியின் மேசையில் வைத்தார். காலாவதியான ஆவணங்களை அழித்தல், பட்டியல் எண் ஒன்று. பொருள்: புகைப்படம், ஒன்று. கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தாறு வருஷமாக இப்படி எத்தனையோ பட்டியல்களில் போட்டிருக்கிறாள். நிலவரி நகல், பிறப்புப் பதிவு, செத்துப்போன தெருவிளக்குகளின் கணக்கு என்று எத்தனையோ எரிந்திருக்கின்றன. பேனாவைத் திறந்தவள் மூடினாள்.

"சார், விதிப்படி அழிக்கிற ஆவணத்தோட முழு விவரமும் பட்டியல்ல வரணும். 'புகைப்படம் ஒன்று'ன்னு எழுதினா போதுமா? உள்ள இருக்கிறவங்க பேரு?"

கஜபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் மெய்யான சந்தோஷம் பரவியது. "கரெக்ட். பேரு, தகப்பனார் பேரு, தெரு, தொழில். இல்லாட்டி செல்லாது."

கூடத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தாள். ஓடைத்தெரு முழுக்கத் திரண்டுவந்து பெயர் சொன்னது. இவர் எங்க சித்தப்பா, அவ எங்க மாமியாளோட அக்கா, தகர டின் வைத்திருக்கிறவருக்கு நிஜப்பேர் தெரியாது, எல்லாரும் 'ராத்திரி' என்றுதான் கூப்பிடுவோம். அற்புதமணி எல்லாவற்றையும் எழுதினாள். வரிசை எண் ஒன்றில் சீனியம்மாள் என்று எழுதி, தொழில் என்ற இடத்தில் 'துப்புரவுப் பணி (பின்னாளில்)' என்று போட்டாள்.

"பின்னாளில்னு எதுக்கு?" என்றார் கஜபதி.

"அப்ப பதினெட்டு வயசு சார். அன்னைக்கு அவங்க தண்ணி எடுக்க மட்டும்தான் வந்தாங்க."

ஒருநாள் பட்டியலை முடித்துக் கீழே கோடு போட்டால், மறுநாள் படத்தில் புதிதாக ஐந்தாறு பேர் வந்து நின்றார்கள். பட்டியலைத் திரும்பத் திறக்க வேண்டியிருந்தது. ஐம்பத்துமூன்று வரை போயிற்று. சிவக்கொழுந்து தினமும் ஆள் அனுப்பிக் கேட்டார். பெயர் விடுபட்டால் பிற்காலத்தில் கேள்வி வரும் என்று கஜபதி தினமும் பதில் அனுப்பினார். வெள்ளிக்கிழமைதான் கடைசித் தவணை, பெயர் இருக்கோ இல்லையோ தீப்பெட்டியோடு வருவோம் என்று வியாழக்கிழமை காலை இளவட்டங்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அற்புதமணி அன்றைக்கு நாலு தடவை ஒரே பெயரைத் தப்பாக எழுதித் திருத்தினாள்.

அதற்குள் மேடையில் வேறொன்று நடந்தது. பெரியவர்களின் உதடுகள் வெளுத்தன. பிறகு வெடித்தன. பன்னீர்ச் செம்பு வைத்திருந்தவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வாயில் தட்டிக்கொண்டிருந்தார். அதில் பன்னீர் தீர்ந்துபோயிருந்தது. மகாலிங்கனாரின் மாலை சருகாகித் தொங்கியது. வெள்ளைத் தாளில் நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு சொம்பு கேட்டு வாங்க அண்டைவீடும் இல்லை. மேலவீதிப் பெண்கள் இளநீரை வெட்டிப் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். குருக்களைக் கூட்டிவந்து கண்ணாடிக்குப் பால் அபிஷேகம் செய்தார்கள். பால் வழிந்து பீடத்துக்குப் போயிற்று. சலவைக்கல்லில் எறும்பு ஏறியது. தாத்தாவின் கண்கள் மட்டும் அந்தப் பாலைப் பின்தொடர்ந்து கீழே போயின.

வியாழக்கிழமை மத்தியானம் அற்புதமணி டிபன் பாக்சைத் திறந்து வைத்திருந்தபோது சிவக்கொழுந்து தனியாக வந்து மேசைக்கு எதிரே நின்றார்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. எந்திரிக்க வேண்டாம்."

முப்பத்தாறு வருஷத்தில் ஒரு நகர்மன்றத் தலைவர் அவளைப் பன்மையில் அழைத்தது அதுதான் முதல் தடவை. அவள் கையிலிருந்த உருண்டையை டப்பாவில் வைத்தாள்.

"தாத்தாவப் பாத்தீங்களா அற்புதமணியம்மா?"

"பாத்தேன் சார். ரொம்ப வாடிட்டாங்க."

"அந்தப் பக்கம் தண்ணி இல்ல."

"ஆமா சார். வெறும் தாள்தான்."

அவர் தொண்டையைச் செருமினார். "கொழாய் பதினேழுலதான் இருக்கு. உங்கம்மாகிட்டச் சொல்லி, ஒரே ஒரு கொடம்..."

"நாளைக்குக் கொளுத்தப் போற படம் சார் அது."

"யாரு சொன்னா? நான் சொல்லலியே! கஜபதி எதையாவது தப்பாப் புரிஞ்சிருப்பாரு."

அற்புதமணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கோப்பைத் திறந்து, பேனாவைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். அவர் 'நிரந்தரமாகப் பாதுகாக்க' என்று எழுதினார். தேதியும் போடச் சொன்னாள். போட்டார்.

"கொண்டுபோய்க் குடுன்னு எங்கம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன் சார். நீங்க கேட்டீங்கன்னு சொல்லுவேன். அப்புறம் அவங்க இஷ்டம்."

"மகள் சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"பதினெட்டு வயசு சார் அவங்களுக்கு. நானே இன்னும் பொறக்கலை."

அவர் போனபிறகு அவள் பதினேழாம் படத்தின் முன்னால் போய் நின்றாள். அம்மாவிடம் கேட்க முப்பத்தாறு வருஷமாகச் சேர்த்துவைத்த கேள்விகள் இருந்தன: அந்தக் கடைசிக் காய்ச்சலில் எதையோ சொல்லவந்து ஏன் நிறுத்தினாய், கம்மலை யாரிடம் கொடுத்தாய், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப நீ யாரோடெல்லாம் சண்டை போட்டாய். ஆனால் அரசாங்க ஊழியர் அல்லவா? முதலில் தலைவரின் கோரிக்கையை வார்த்தை மாறாமல் தெரிவித்தாள். பிறகு, "வெயில் ஏறுதும்மா, முந்தானையத் தலைக்குப் போட்டுக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் பதினேழாம் படத்தில் சீனியம்மாள் இல்லை. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, நிறைகுடத்தோடு, மேடையில் இருந்த வெள்ளைத் தாளில் பதினொரு பேருக்கு எதிரே நின்றாள். தீப்பெட்டியோடு வந்தவர்கள் தீப்பெட்டியை மறைத்துக்கொண்டார்கள். கூடம் கொள்ளாமல் கூட்டம். பெரியவர்கள் குடத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், யாரும் கை நீட்டவில்லை. வெளியே மேலவீதி விவாதித்தது: மண்குடம் ஆகாது, பித்தளை என்றால் பாதகமில்லை, உயரத்திலிருந்து ஊற்றினால் தோஷமில்லை, குடம் புதுசா பழசா என்று விசாரித்தீர்களா, குழாய்த் தண்ணீருக்குத் தீட்டு உண்டா என்று சாஸ்திரத்தில் இருக்கிறதா, சாஸ்திரம் எழுதிய காலத்தில் குழாய் இருந்ததா. சாயங்காலம் ஐந்து மணிக்கு அற்புதமணி, "நேரமாச்சு, எல்லாரும் கிளம்புங்க," என்று கதவைச் சாத்தியபோதும் விவாதம் முடியவில்லை. அந்த ஏழு மணி நேரமும் அம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை என்பதை அவள் ஒருத்திதான் கவனித்தாள்.

சனிக்கிழமை காலையில் மேடையில் வெறும் தாள் இருந்தது. அதற்குப் போட்ட மாலை இருந்தது. ஆட்கள் இல்லை.

பதினேழாம் படத்தில் ஒரு வரிசை நின்றது. வலது ஓரத்தில், குழாயடியில், சீனியம்மாள் குடத்தை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுந்து சேலை நனைந்திருந்தது. அவளுக்குப் பின்னால் கிழவி, தகர டின் ராத்திரி, ஐம்பத்துமூன்று வரை. அதற்கும் பின்னால் பெரியவர்கள், கையில் அகப்பட்டதை ஏந்திக்கொண்டு, ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு, ஒருவர் பன்னீர்ச் செம்போடு, ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிக் குழிவாக்கிக்கொண்டு. கடைசியாகப் போனவர் கடைசியாகத்தானே திரும்பி வருவார்? வரிசையின் வால்முனையில், அறுபத்துநான்காவது ஆளாக, வெறுங்கையோடு மகாலிங்கனார் நின்றார். அவருக்குப் பதினோரு ஆள் முன்னால் நின்ற ஒருத்தி திரும்பி அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி வாயசைவைப் பார்த்து, "தள்ளாதீக, வரிசையில வாங்கங்கா," என்று விளக்கினாள். இருபத்துமூன்று படங்களில் முதல் தடவையாக மகாலிங்கனார் கேமராவைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலவீதி ஒருநாள் முழுக்கத் துக்கம் காத்தது. மறுநாள் வக்கீல் நல்லபெருமாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, புகைப்படங்களை உலகம் முழுக்க இடமிருந்து வலமாகத்தான் வாசிப்பார்கள் என்று எடுத்துச்சொன்னார். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். இடது ஓரத்தில் முதல் ஆளாக மகாலிங்கனார் நின்றார். ஆனந்தம் பொங்கிற்று. மக்களை முன்னால் போகவிட்டுப் பின்னால் நின்று வழிநடத்திய பெருந்தகை என்று விழா மலருக்குக் கவிதைகள் வந்து குவிந்தன. பதினேழாம் படமே அட்டைப்படம் என்று தீர்மானம் நிறைவேறிற்று. படக்குறிப்பு எழுதும் வேலை அற்புதமணிக்கு வந்தது.

"இடமிருந்து வலமா சார்?" என்று கேட்டாள்.

"ஆமா, ஆமா. இடமிருந்து வலம்தான். முதல் பேரு தாத்தா."

அவள் அப்படியே தட்டச்சு செய்தாள். மகாலிங்கனாரில் தொடங்கி சீனியம்மாள் வரை, ஒரு பெயர் விடாமல், தகப்பனார் பெயர், தெரு, தொழில் விவரங்களோடு. ஐம்பத்துமூன்று பேர் கையெழுத்தான கோப்பிலும், பதினொரு பேர் பழைய பதிவேட்டிலும் இருந்தார்கள். ஒருவரை நீக்கினாலும் விதிமீறல் என்று கஜபதி உறுதியாக நின்றார். குறிப்பு இரண்டு பக்கத்துக்குப் போனதால், இடமில்லாமல் மலரிலிருந்து தலைவரின் வாழ்த்துரையை எடுத்துவிட்டார்கள்.

விழா அன்றைக்கு, மேளமும் பேச்சும் ஓய்ந்த பிறகு, சிவக்கொழுந்து கூடத்துக்குள் வந்து அற்புதமணியின் பக்கத்தில் நின்றார். வரிசை நகர்ந்திருந்தது. நிறைத்துக்கொண்டவர்கள் இடுப்பிலும் தலையிலும் தண்ணீரோடு படத்தை விட்டுத் தங்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். சீனியம்மாளும் அவர்களில் ஒருத்தி. அவள் நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்தது. அற்புதமணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா முறை எப்ப வரும்?"

"ஒரு நாளைக்கு ரெண்டு பேர் பிடிக்கிறாங்க சார். எப்படியும் ஒரு மாசம் ஆகும்."

அவர் விரலால் ஆட்களை எண்ணிப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்தது. "அதுவரைக்கும் கொழாயில தண்ணி வருமா?"

"நகராட்சித் தண்ணி சார்," என்றாள் அற்புதமணி. "அத நீங்கதான் சொல்லணும்."